ராபன் தீவு: சிறைக்கூடம் கற்பிக்கும் மன்னிப்பு

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரைக் காணும் வாய்ப்பை அல்லாஹ் உங்களுக்கு அளிப்பானாகில், மேசை மலையின் எழிலை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். துறைமுகத்தில் படகேறி ராபன் தீவுக்கும் சென்று வாருங்கள். ஆட்சியாளர்களுக்குப் பிடிக்காதவர்களைக் கடலுக்கு நடுவே அடைத்துவைத்த தீவு அது. இன்று அருங்காட்சியகமாக விளங்கும் அதனை 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சிறைக்கு அருகே பச்சைக் குவிமாடம் ஒன்று உங்கள் கண்ணில் படும். ‘கராமத்’ என்று அந்நாட்டு முஸ்லிம்கள் அழைக்கும் அடக்கத்தலம் அது. இந்தோனேசியாவின் மதுரா தீவிலிருந்து டச்சுக்காரர்களால் நாடுகடத்தப்பட்டு, 1754இல் இத்தீவிலேயே மறைந்த சையிது அப்துர்ரஹ்மான் மோத்துரு அவர்களின் நினைவாக 1969இல் எழுப்பப்பட்டது.

அவருக்குப் பின் 1780இல் இங்கே கொண்டுவரப்பட்டவர், திதோர் தீவின் அரச குடும்பத்தைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ். ‘துவான் குரு’ என்று மக்கள் அவரைப் போற்றினர். அப்போதே அவர் வயது எழுபதை நெருங்கியிருந்தது. சுமார் 12 ஆண்டுச் சிறைவாசத்தை அவர் எவ்வாறு கழித்தார் தெரியுமா? தம் நினைவிலிருந்தே திருக்குர்ஆனைக் கைப்பட எழுதினார்! விடுதலையானதும் அடிமைகளின் பிள்ளைகளுக்கும் கல்வி தரும் மத்ரஸாவைத் தொடங்கினார். 1794இல் போகாப் பகுதியில் உருவான அவ்வல் பள்ளிவாசலின் முதல் இமாமும் அவரே. அவர் எழுதிய திருமறைப் பிரதியை இன்றும் அங்கே காணலாம். சிறை தந்த கசப்பை அல்ல, சிறையில் காத்த ஈமானையே அம்மக்களுக்கு அவர் வழங்கிச் சென்றார்.

தீவின் சுண்ணாம்புக் கல் குழியையும் பாருங்கள். வெண்கற்களில் பட்டுத் தெறித்த வெயில் நெல்சன் மண்டேலாவின் கண்களைப் பாதித்த இடம் அது. அவரது 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகள் இங்கேதான் கழிந்தன. தம்மைச் சிறைக்கு அனுப்பிய வழக்கில் வாதாடிய அரசு வழக்கறிஞரையே, நாட்டின் அதிபரான பின் 1995இல் விருந்துக்கு அழைத்தார் அவர். அவருடன் தண்டிக்கப்பட்ட அஹ்மத் கத்ராதா, குஜராத்திலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை. 26 ஆண்டுகளுக்குப் பின் 1989இல் விடுதலையாகி, 1992இல் ஹஜ் நிறைவேற்றினார். பின்னர் இதே தீவுக்குப் பலமுறை திரும்பி, தாம் அடைபட்ட சிறையை விருந்தினர்களுக்குச் சுற்றிக் காட்டினார்.

இவ்விடத்தில் நின்றால் யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு உள்ளத்தில் எழாமல் இராது. அரசனின் விடுதலை ஆணை வந்தபோதும் அவர்கள் உடனே வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். உண்மை வெளிப்பட்டது, கண்ணியம் மீண்டது. பின்னர், அநீதி இழைத்த சகோதரர்கள் தலைகுனிந்து நின்றபோது, பழிக்காமல் மன்னித்தார்கள். இறைவன் தம்மைச் சிறையிலிருந்து மீட்டதைச் சொல்லி நன்றி பாராட்டியவர்கள், சகோதரர்கள் தள்ளிய கிணற்றைக் குறிப்பிடவேயில்லை. அவர்களை நாணச் செய்ய மனம் வரவில்லை! மக்கா வெற்றி நாளில் நம் பெருமானார் (ஸல்) அவர்களும் குறைஷியரிடம் அவ்வாறே நடந்தார்கள்.

பல்லாண்டுகள் சிறையில் வாடி, குற்றமற்றவர் என விடுதலையாகி வீடு திரும்புவோர் நம் சமுதாயத்திலும் உண்டு. அவர்களிடம் ‘எல்லாவற்றையும் மறந்துவிடு’ என்று எளிதாகச் சொல்லிவிடாதீர்கள். உண்மையைக் கேட்பது அவர்களின் உரிமை. யூஸுஃப் நபியும் கேட்டார்கள். அவர்கள் நீதி தேடத் துணை நில்லுங்கள். வேலைக்கும் திருமணத்திற்கும் வழி செய்யுங்கள். பகையின் சுமையை இறக்கிவைக்கும் வலிமையை வல்ல நாயன் அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.