காப்பர்-டி போட்டுக்கொள்ளலாமா?

எங்கள் வீட்டில் கருத்தடை என்றால் ஒரே பதில்தான்: ஆபரேஷன். இரண்டு பிள்ளை ஆயிற்றென்றால் பிரசவத்தோடு அதையும் முடித்துக்கொண்டு வீடு திரும்புவது தமிழ்நாட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. என் அம்மா, அத்தை, நாத்தனார் எல்லோரும் அப்படித்தான். நான்தான் மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ரத்த அழுத்தம் எட்டிப் பார்க்கிறது. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இனி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் காப்பர்-டி பற்றிய யோசனை.

ஆண்களுக்கான ஆபரேஷன் தையல்கூட இல்லாமல் சில நிமிடங்களில் முடிகிற காரியம். அந்தப் பேச்சை எடுத்ததும் வீட்டுக்காரர் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “உனக்கு எது சௌகரியமோ அதைச் செய்” என்றார். பெருந்தன்மையான பேச்சுதான். அவர்தான் அதில் எங்குமே இல்லை.

காப்பர்-டி என்று வாயைத் திறந்ததும் தெருவே டாக்டராகிவிட்டது. “மேல ஏறி நெஞ்சுக்கு வந்துடுமாம்டி” என்றார் எதிர்வீட்டு அக்கா. பிள்ளை தலையில் ஒட்டிக்கொண்டு பிறக்கும் என்றார் இன்னொருவர். டாக்டரிடம் இதையெல்லாம் தயங்காமல் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது என்று படம் போட்டுக் காட்டினார். பொருத்தும்போது கருப்பைச் சுவரில் துளை விழுவதுண்டு. அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. தானாக வெளியே வந்துவிடுவது இருபதில் ஒருவருக்கு நடக்கலாம். அதனால்தான் மாதவிடாய் முடிந்ததும் காப்பர்-டியின் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

டி வடிவ பிளாஸ்டிக்கில் சுற்றிய செம்பு விந்தணுக்களை முடக்கி, கரு உண்டாகாமல் தடுக்கிறது. ஹார்மோன் இல்லை என்பதால் என் பிரஷருக்குப் பிரச்சினை இல்லை. 380ஏ வகை 10 ஆண்டு, 375 வகை 5 ஆண்டு தாங்கும். அரசு மருத்துவமனையில் இரண்டுமே இலவசம். முதல் ஆண்டில் 100 பேரில் ஒருவருக்குக்கூட கர்ப்பம் தங்குவதில்லை. மாத்திரையிலோ, நடுவில் போட மறந்துவிடுகிறவர்களையும் சேர்த்தால் ஏழெட்டுப் பேருக்குத் தங்கிவிடுகிறது.

என்னைத் தயங்கவைப்பது ரத்தப்போக்கு. போட்ட முதல் சில மாதங்கள் மாதவிடாய் கூடுதலாகவும் வலியோடும் வரும். நம் மாநிலத்துப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. எனக்கும் ஹீமோகுளோபின் 10-ஐத் தாண்டவில்லை. ஹார்மோன் உள்ள சாதனம் ரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல.

தெருவில் கேட்ட பயத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 1965-இல் அரசு காப்பர்-டிக்கு முன்னோடியான லூப்பைக் கொண்டுவந்தபோது, இத்தனை பேருக்குப் போட்டாக வேண்டும் என்று இலக்கு வைத்தே வேலை நடந்தது. போட்ட பிறகு ரத்தம் போகிறது, வலிக்கிறது என்று வந்தவர்களைக் கவனிக்கப் போதிய ஆள் இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்கள் பட்டதுதான் கதையாகி, மகளுக்கும் மருமகளுக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இன்றும் அந்தப் போக்கு முழுதாக மாறிவிடவில்லை. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி பொருத்திவிடலாம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, தன் வயிற்றில் அது இருப்பதே சில மாதம் கழித்து ஸ்கேனில்தான் தெரிந்தது. பிரசவ வலியில் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டிருந்தாள். எடுத்துவிடச் சொல்லிப் போனால், “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா” என்று திருப்பி அனுப்பினார்கள். அவளிடம் போய் காப்பர்-டி நல்லது என்று யார் சொன்னாலும் எடுபடுமா? கேட்காமல் போட்ட ஒன்று, ஊரில் பத்துப் பேரைப் போடவிடாமல் செய்துவிடும்.

நான் போட்டுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். முதலில் இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையும். ஹீமோகுளோபின் ஏறியதும் காப்பர்-டி. அதுவரை ஆணுறை என்று வீட்டில் சொல்லியாயிற்று. இந்தமுறை செய்தித்தாள் தூக்கவில்லை.

உங்களுக்கும் இந்த யோசனை இருந்தால், எப்படிப் போடுவார்கள் என்பதோடு, வேண்டாமென்றால் எந்த நாளில், யாரிடம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். எந்த வகை, எத்தனை ஆண்டு என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.