ஆஸ்பத்திரிப் பழத்தில் ஒரு ரொட்டி

எங்க ஊர்ல ஆப்பிள் ஒரு பழமே இல்லைங்க. அது ஒரு சடங்கு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் எந்தப் பழக்கடையில நின்னு ஒரு கிலோ ஆப்பிள் கேட்டாலும், கடைக்காரர் எடை போட்டுக்கிட்டே "யாருக்குங்க உடம்பு சரியில்ல?"ன்னு கேப்பார். நல்லா இருக்கிறவன் வாழைப்பழம் சாப்பிடுவான், கொய்யா சாப்பிடுவான், சீசன் வந்தா கல்வராயன் மலைப் பலா சாப்பிடுவான். ஆப்பிள் மட்டும் கட்டில்ல படுத்திருக்கிறவங்களுக்குன்னே விளையிற மாதிரி ஒரு நினைப்பு.

அப்படித்தான் போன வருஷம் ஐப்பசி மாசம் எங்க வீட்டுக்கும் ஆப்பிள் வர ஆரம்பிச்சது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. அப்பா கல்வராயன் மலையில ஒரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில வாத்தியார். மலையில இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளி மக்கள். மலையாளின்னதும் கேரளாவுக்குப் போயிடாதீங்க, தலைமுறை தலைமுறையா இந்த மலையிலயே வாழற தமிழ் பேசுற பழங்குடி மக்கள் இவங்க. ரிட்டயர் ஆக இன்னும் ஒரு வருஷம்தான். தினமும் டூவீலர்ல கச்சிராயபாளையம், கோமுகி அணை, அப்புறம் மலைப்பாதைன்னு ஏறி இறங்குறவர், ஒரு மழை நாள்ல வளைவுல வண்டி சறுக்கி விழுந்துட்டார். தொடை எலும்பு முறிஞ்சுது. சேலத்துல ஆபரேஷன் பண்ணி, உள்ள கம்பி வச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நானும் பெங்களூர் ரூமைக் காலி பண்ணிட்டு, ஆணி புடுங்குற வேலையை வீட்டுலேருந்தே செய்ய அனுமதி வாங்கிட்டு வந்து சேர்ந்தேன்.

கால்வலி கூட ரெண்டாவதுதான். அப்பா பேசுறதை நிறுத்திட்டார். அதான் பயமா இருந்தது. நாப்பது பசங்க சத்தத்துக்கு மேல சத்தம் போட்டுப் பாடம் எடுத்தவர், மின்விசிறியைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தார். தட்டுல வச்சது வச்சபடி இருக்கும். "நல்லா சாப்பிட்டாத்தான் எலும்பு கூடும்"னு டாக்டர் சொல்லிட்டே இருந்தார். அம்மா ஒவ்வொரு வேளையும் தட்டைத் திரும்ப எடுத்துட்டுப் போறப்ப, சமையல்கட்டுல போய் மூக்கை உறிஞ்சுற சத்தம் எனக்குக் கேக்கும்.

பாக்க வந்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு கிலோ ஆப்பிள். ஒரு கட்டத்துல பதினொரு கிலோ! ஃப்ரிட்ஜைத் திறந்தா சிவப்பு. அம்மா அக்கம்பக்கத்துல குடுத்துப் பாத்தாங்க. நாங்க குடுத்த அதே ஸ்டிக்கர் ஒட்டின ஆப்பிள் ரெண்டு நாள் கழிச்சு வேற பையில எங்க வீட்டுக்கே திரும்பி வந்தது. (பாவம், அவங்களும் நலம் விசாரிக்க வரணும்ல.)

அப்பதான் எனக்கு அந்த வாசனை ஞாபகம் வந்தது. மூணு வருஷம் முன்னாடி ஆன்சைட்னு ஆறு மாசம் ஒஹையோவுல இருந்தேன். அக்டோபர் மாசக் குளிர்ல பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தட்டை நீட்டினாங்க. ஆப்பிளும் பட்டையும் போட்ட ரொட்டி, சூடா. அங்க அதை க்விக் ப்ரெட்னு சொல்றாங்க. பேருதான் ப்ரெட். கிட்டத்தட்ட கேக், ஆனா கேக் அளவுக்கு அலட்டல் இல்லாதது. ஈஸ்ட் போட்டு மாவு பொங்க மணிக்கணக்கா காத்திருக்க வேண்டாம். சோடாவும் புளிப்பும் சேர்ந்தா கரியமில வாயு வரும்னு பத்தாங்கிளாஸ்ல படிச்சோமே, அதேதான் விஷயம். அந்தக் காத்து மாவைத் தூக்கும், சூடு அதை அப்படியே இறுக்கிடும். இட்லி மாவு ராத்திரி பூரா செய்யிற வேலையை இது அரை மணி நேரத்துல முடிச்சிடும்.

நம்ம வீட்டுல அவனா இருக்கு? பழைய முறைதான். பத்து லிட்டர் குக்கர்ல ஒரு டம்ளர் கல்லுப்பு பரப்பி, மேல ஒரு ஸ்டாண்ட் வச்சு, கேஸ்கட்டும் வெயிட்டும் கழட்டிட்டு மூடினா அதுவே அவன். தண்ணி ஊத்தக்கூடாது. ரொட்டி டின்னுக்கு எங்க போறது? பரண்ல தேடுனப்ப அப்பா தினமும் மலைக்கு எடுத்துட்டுப் போற நீள சதுர எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கிடைச்சது. வண்டியோட சேர்ந்து விழுந்ததுல ஒரு மூலை நசுங்கியிருந்தது. அம்மா அதைக் கண்ணுல படாம மேல தூக்கிப் போட்டிருக்காங்க. கழுவி, எண்ணெய் தடவினேன்.

"பிரியாணிக்குப் போடுற பட்டையை யாராவது இனிப்புல போடுவாங்களாடா?" - இது அம்மா.

நியாயமான கேள்விதான். நமக்குப் பட்டைன்னா குருமா, பிரியாணி. வெளிநாட்டுல பட்டைன்னா பாயசம் மாதிரி இனிப்பு வகையறா. இன்னொரு விஷயம், மளிகைக் கடையில கிடைக்கிற தடிப் பட்டை பெரும்பாலும் காசியா ரகம். காரமும் முரட்டு வாசனையும் ஜாஸ்தி. அதுல கூமரின்னு ஒண்ணு இருக்கு, அளவுக்கு மீறினா கல்லீரலுக்கு ஆகாது. காகிதச் சுருள் மாதிரி மெல்லிசா, கையாலயே நொறுங்குறது சிலோன் பட்டை. அதுல கூமரின் ரொம்பக் கம்மி, இனிப்புக்கும் அதுதான் ஒத்துப் போகும். மாத்திரை சாப்பிடுற ஆளுக்குச் செய்யறோமேன்னு தேடிப் பிடிச்சு அதையே வாங்கினேன்.

முதல் முயற்சி ரணகளம். நல்லா பொங்கட்டும்னு ஆப்ப சோடாவை ரெண்டு ஸ்பூன் அள்ளிப் போட்டேன். ரொட்டி கருகருன்னு வந்தது. அப்பா ஒரு துண்டைக் கிள்ளி வாயில போட்டுட்டு, "சோப்பு மாதிரி இருக்கு"ன்னார். ரெண்டு வாரத்துல அவரா சொன்ன முதல் அபிப்பிராயம் அது. சத்தியமா எனக்கு சந்தோஷமா இருந்தது!

ரெண்டாவது தடவை சோடாவைக் குறைச்சேன். ஆனா கட்டி இருக்கக் கூடாதுன்னு பத்து நிமிஷம் போட்டு அடிச்சுக் கலக்கினேன். வெந்ததும் ரப்பர். பரோட்டா மாஸ்டர் மாவை ஏன் அந்த அடி அடிக்கிறார்? உள்ள இருக்கிற குளூட்டன் இழுபடணும்னுதான். இங்க அது நேர் எதிரி. மாவு நனைஞ்சா போதும், கரண்டியைக் கீழ வச்சிடணும். சின்னச் சின்னக் கட்டி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். கோட்ல ஒரு வரி சரியில்லைன்னா பத்து தடவை நோண்டுற கைக்கு இது ரொம்பக் கஷ்டமான பாடம் :-)

மூணாவது தடவை சரியா வந்தது. அம்மாவே ரெண்டு துண்டு சாப்பிட்டாங்க. அப்பா மட்டும் அரைத் துண்டோட நிறுத்திக்கிட்டு மறுபடி மின்விசிறியைப் பாக்க ஆரம்பிச்சிட்டார். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. இவரைத் திரும்பக் கொண்டு வர்றதுக்கு ரொட்டி எல்லாம் பத்தாதுன்னு தோணிச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை மலையிலேருந்து ஒருத்தர் வந்தார். அப்பாகிட்ட படிச்சவர். இப்ப சொந்தமா ஒரு பிக்கப் வண்டி வச்சு, ஆத்தூர் பக்கம் சேகோ மில்லுக்குக் குச்சிக்கிழங்கு லோடு அடிக்கிறார். பாக்க வந்தவங்கள்ல ஆப்பிள் வாங்கிட்டு வராத ஒரே ஆள் அவர்தான். ஒரு பாட்டில் மலைத்தேன், ஒரு பை சாமை. கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தார். நாற்காலி போட்டும் உக்காரலை.

டீயோட ரொட்டித் துண்டு குடுத்தேன். "என்னா தம்பி இது?"ன்னார். ஆப்பிள் போட்டதுன்னேன். சிரிச்சுட்டார்.

"சார்தான் தம்பி எனக்கு மொத மொத ஆப்பிளைக் கண்ணுல காட்டுனது. புஸ்தகத்துல ஏ ஃபார் ஆப்பிள்னு போட்டிருக்கும். அது தக்காளியான்னு கேட்டோம். மறுநாள் சார் கள்ளக்குறிச்சியிலேருந்து ஒரே ஒரு ஆப்பிள் வாங்கியாந்து, கிளாஸ்ல எல்லாருக்கும் வெட்டிக் குடுத்தார். நாப்பத்திரண்டு துண்டு! காயிதம் மாதிரி இருந்துச்சு ஒவ்வொண்ணும்."

"நாப்பத்தொண்ணு"ன்னு ஒரு குரல்.

நாங்க ரெண்டு பேரும் திரும்பிப் பாத்தோம். அப்பா மின்விசிறியிலேருந்து கண்ணை எடுத்திருந்தார்.

"ஒருத்தன் அன்னைக்கு லீவு. அவனுக்குன்னு ஒரு துண்டு எடுத்து டிபன் பாக்ஸ்ல வச்சேன். மறுநாள் வந்து பாத்தா கருத்துப் போயிருந்தது. அதையும் தின்னுட்டான் பய."

அப்புறம் ரெண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினாங்க. அந்த லீவு பையன் இப்ப எங்க இருக்கான், யார் யாருக்குக் கல்யாணம் ஆச்சு, எந்த ஊருக்கு ரோடு போட்டாங்க, எந்த ஊருக்கு இன்னும் போடலை... அம்மா கதவு ஓரத்துல நின்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான் சும்மா இருக்க முடியாம, "அங்க ஆப்பிள் மரம் வளராதாப்பா?"ன்னேன். வாத்தியார் திரும்பிட்டார். ஆப்பிள் மரம் பூக்கணும்னா குளிர்காலத்துல ஏழு டிகிரிக்குக் கீழே கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரம் உறங்கணுமாம். நம்ம மலை ரெண்டாயிரம் மூவாயிரம் அடி, அந்தக் குளிருக்கு எங்க போறதுன்னார். சாமுவேல் ஸ்டோக்ஸ்னு ஒரு அமெரிக்கர் 1904ல இந்தியாவுக்கு வந்து இமாச்சல்ல கோட்கர்ல தங்கினது, அமெரிக்க ரகச் செடிகளைக் கொண்டு வந்து நட்டது, அப்புறம் நம்ம சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனது வரைக்கும் கதை நீண்டது. நானும் மாட்டிக்கிட்டேன், பிக்கப் அண்ணனும் மாட்டிக்கிட்டார். அவ்வளவு ஆசையா மாட்டிக்கிட்டது அன்னைக்குத்தான்.

கிளம்பறப்ப அப்பா அவர்கிட்ட கேட்டார்: "உம் பொண்ணு மூணாங்கிளாஸ்தானே? மொத்தம் எத்தனை பேர்யா கிளாஸ்ல?"

"முப்பத்தஞ்சு சார்."

அப்பா என்னைப் பாத்தார். "ஏம்ப்பா, அந்த ரொட்டி... மூணு செய்ய முடியுமா? மைதாவைக் குறைச்சிட்டு அந்தச் சாமையைப் போட்டுப் பாரேன்."

சாமையில குளூட்டன் கிடையாது. முழுக்கப் போட்டா உதிர்ந்து கொட்டிடும். மொத்த மாவுல கால் பங்கு, லேசா வறுத்து மிக்ஸியில அரைச்சு சல்லடையில சலிச்சுச் சேர்த்தேன். சக்கரைக்குப் பதிலா நாட்டுச்சக்கரை. இறக்கினதும் மேல கொஞ்சம் அந்த மலைத்தேன். நான் இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்லா வந்தது அதுதான். வறுத்த சாமையும் பட்டையும் அப்படி ஒரு ஜோடி.

ஆசைப்படறவங்களுக்காக ஒரு டிபன் பாக்ஸ் ரொட்டிக்கு அளவு:

மைதா - அரை கப்
கோதுமை மாவு - கால் கப்
சாமை மாவு - கால் கப்
நாட்டுச்சக்கரை - அரை கப்புக்குக் கொஞ்சம் கம்மி
தயிர் - கால் கப்
சூரியகாந்தி எண்ணெய் - கால் கப்
முட்டை - 1
ஆப்பிள் - 1, தோல் சீவி பொடியா நறுக்கினது
பட்டைத்தூள் - அரை டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் - அரை டீஸ்பூன்
ஆப்ப சோடா - கால் டீஸ்பூன் (தலை தட்டி!)
உப்பு - ரெண்டு சிட்டிகை

மாவு வகையறா, பட்டை, சோடா, பவுடர், உப்பு ஒரு பாத்திரத்துல. மத்த ஈர சமாச்சாரம் எல்லாம் இன்னொண்ணுல. ஆப்பிளைத் துருவாதீங்க. தண்ணி விட்டு நடுவுல வேகாம நின்னுடும், நறுக்கத்தான் வேணும். ஆஸ்பத்திரி ஆப்பிள் மாவு மாவா இருந்தாலும் பரவாயில்லை, எலுமிச்சம்பழம் ஒரு மூடி பிழிஞ்சு விட்டா புளிப்பு வந்துடும். ரெண்டையும் சேர்த்துப் பதினஞ்சு சுத்து, அதுக்கு மேல கலக்காதீங்க. பாக்ஸ்ல முக்கால் பாகத்துக்கும் கம்மியா ஊத்தி, பத்து நிமிஷம் காய்ஞ்ச குக்கர்ல வச்சு, சிம்ல நாப்பது நிமிஷம். ஈர்க்குச்சி விட்டுப் பாத்தா ஒட்டாம வரணும். ஆறின பிறகு வெட்டுங்க. அவசரப்பட்டா பிஞ்சுடும்.

திங்கக்கிழமை விடிகாலை மூணு ரொட்டியும் தயார். எல்லாத்துலயும் ஒரு மூலை உள்வாங்கியிருந்தது, டிபன் பாக்ஸ் உபயம். நான் வெட்டப் போனப்ப அப்பா கத்தியைக் கேட்டார். முதுகுக்குத் தலையணை வச்சு, மடியில பலகை வச்சுக் குடுத்தோம். ஸ்கேல் வச்ச மாதிரி வெட்டினார். ஒரு ரொட்டிக்குப் பன்னெண்டு துண்டு. உதிர்ந்த தூளை எல்லாம் விரலால ஒத்தி ஒத்தி வாயில போட்டுக்கிட்டார்.

"முப்பத்தாறு வருதேப்பா, ஒண்ணு ஜாஸ்தி. நீங்க சாப்பிடுங்க"ன்னேன்.

"இருக்கட்டும். யாராவது லீவு போட்டிருப்பான்."

வண்டி வந்து எடுத்துட்டுப் போனதும், அம்மாகிட்ட ரெண்டு தோசை கேட்டார்.

பி.கு: இப்ப அப்பா கைத்தடி வச்சு நடக்கிறார். மலைக்குப் பஸ்ல போறார், டூவீலர் சாவி அம்மாகிட்ட பத்திரமா இருக்கு. ரொட்டியைப் பத்தி அவரோட இறுதித் தீர்ப்பு: "உப்பு ஒரு சிட்டிகை கம்மி." மேல குடுத்த அளவுல அதைச் சரி பண்ணிட்டேன்.