இரை மறுக்கும் குட்டிப்பாம்பு... விடை சொல்லும் எலி வளை!

மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், கோட்டனூ நகரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது விடா என்ற சிற்றூர். அங்கே பெரிய தேவாலயத்துக்கு நேர் எதிரில் பாம்புக்கோயில். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடப்பவை பந்து மலைப்பாம்புகள். விஷமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல சுருண்டுகொள்ளும். இரை தேட இவற்றை அவ்வப்போது வெளியே விடுகிறார்கள். ஏதாவது ஒரு வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் யாரும் அடிப்பதில்லை. பத்திரமாகக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

ஊரைத் தாண்டினால் மக்காச்சோளமும் மரவள்ளியும் எண்ணெய்ப்பனையும். இந்தப் பாம்புகளின் சொந்த வீடு அதுதான். பகலில் எலி வளையிலும் கரையான் புற்றிலும் படுத்திருக்கும்; இருட்டிய பிறகு வேட்டை. எலியைத் தின்பதால் விவசாயிக்குக் கூட்டாளி. ஆனால் பெனின், டோகோ, கானா நாடுகளில் சினைப்பாம்பையும் முட்டையையும் வளையிலிருந்து தோண்டியெடுத்து, குஞ்சு பொரிக்க வைத்து, செல்லப்பிராணியாக வளர்க்க வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலும் நடக்கிறது.

அப்படிப் போகும் குட்டிக்குக் கண்ணாடிப் பெட்டியில் வரும் முதல் சிக்கல், இரையைத் தொடாமல் இருப்பது. வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டியின் உடம்பில் அவ்வளவு சேமிப்பு கிடையாது. பதறிப்போய் தினமும் எலியை நீட்டுவதும், கையில் எடுத்துப் பார்ப்பதும் மிரட்சியைத்தான் கூட்டும்.

தீர்வு அந்த எலி வளையில் இருக்கிறது. வளை இருட்டாக, உடம்பை ஒட்டி நெருக்கமாக, கதகதப்பாக இருக்கும். அதேபோல பெட்டிக்குள்ளும் சுருண்டால் சரியாகப் பொருந்தும் அளவில் இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒரு பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி அளவில் சூடு இருக்க வேண்டும். குளிர்ந்த உடம்பில் செரிமானம் நடக்காது. ஒரு வாரம் பாம்பைத் தொடாமல் விட்டு, இருட்டிய பிறகு இரை காட்ட வேண்டும். உறையவைத்த எலி என்றால் முழுக்க உருகவைத்து, வெந்நீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பைவிட அதிகம் இருக்கக் கூடாது. மறுத்தால் எடுத்துவிட்டு, ஐந்தாறு நாள் கழித்து மறுபடி முயலலாம்.

இன்னொரு விஷயம். நைஜீரியாவில் நடந்த ஆய்வில், சிறிய பந்து மலைப்பாம்புகள் எலியைவிடப் பறவைகளையே அதிகம் தின்றது தெரியவந்தது. அதனால் எலியின் மேல் கோழிக்குஞ்சின் இறகைத் தேய்த்துக் கொடுத்தால் வாசனைக்குப் பிடித்துக்கொள்ளும் குட்டிகள் உண்டு. தோல் உரிக்கும் நேரத்தில், கண் வெளுத்திருந்தால், சாப்பிடாதது இயல்பு. எடை தொடர்ந்து இறங்கினாலோ, வாயில் சளிபோல நுரை வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போவதே சரி. வாயைப் பிளந்து திணிப்பது ஆபத்து.

நம் ஊர் வயலில் இதே வேலையைச் செய்வது சாரைப்பாம்பு. அதைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரப்பில் விட்டுவைத்தால் போதும். தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும்.