மூணு கிளாஸ் ஒயின், ஒரு மடக்கு எண்ணெய்... டஸ்கனி திராட்சைத் தோட்டத்தில் ஒரு மதிய விருந்து!

இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்திலிருந்து தெற்கே சியெனாவுக்கு மலைகளுக்கு ஊடாக ஒரு பழைய சாலை போகிறது. பெயர், கியான்டிஜானா. எந்த வளைவில் திரும்பினாலும் ஒரு பக்கம் திராட்சை, மறுபக்கம் ஆலிவ் மரங்கள். நடுநடுவே கருங்கோழி படம் போட்ட பலகைகள்.

'இங்கே கோழிப்பண்ணை அதிகமோ?' என்று நினைத்துவிடாதீர்கள். அது இந்த மண்ணின் ஒயினுக்கான முத்திரை. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

ஃப்ளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் அந்தக் காலத்தில் எல்லைத் தகராறு. சண்டை அலுத்துப்போய் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு ஊரிலிருந்தும் சேவல் கூவியதும் ஒரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும். இருவரும் எங்கே சந்திக்கிறார்களோ அதுதான் எல்லை. சியெனாக்காரர்கள் ஒரு வெள்ளைச் சேவலுக்கு வயிறாரத் தீனி போட்டு வளர்த்தார்கள். ஃப்ளாரன்ஸ்காரர்களோ ஒரு கறுப்புச் சேவலை இருட்டில் அடைத்துப் பட்டினி போட்டார்கள். பசி தாங்காத கறுப்புச் சேவல் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவிவிட்டது! ஃப்ளாரன்ஸ் வீரன் சியெனாவுக்கு சுமார் 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஃபோன்தெருத்தோலி வரை வந்துவிட்டான். கியான்டி முழுக்க ஃப்ளாரன்ஸ் வசமானது இப்படித்தான் என்கிறார்கள். கதையோ நிஜமோ, பட்டினி கிடந்த அந்தச் சேவல்தான் இன்றைக்கு 'கியான்டி கிளாசிக்கோ' பாட்டில்களின் கழுத்தில் கம்பீரமாக நிற்கிறது.

குடிக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை?

இந்தப் பகுதியில் பல தோட்டங்கள், முன்பதிவு செய்து வருகிற சிறு குழுவுக்கு ஒயின், ஆலிவ் எண்ணெய் இரண்டையும் ருசி பார்க்கத் தந்து, மதியச் சாப்பாடும் போடுகின்றன. நவம்பர் முதல் வாரத்தில் நாங்கள் நான்கு பேர் போனோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், 71 வயது அத்தை. 'ஒயின் குடிக்கிற இடத்துக்கு மாமியாரைக் கூட்டிட்டா போனீங்க?' என்று பிறகு பலரும் கேட்டார்கள். அந்த மேஜையில் அன்றைக்கு அதிகம் பேசியதே அத்தைதான்.

கிரேவே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மலைச்சரிவில் இருந்தது தோட்டம். கல்லால் கட்டிய பழைய வீடு. எங்களை வரவேற்ற உரிமையாளர், நாற்பதுகளின் நடுவில் இருக்கும் பெண்மணி. ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் இலைத்துணுக்கு. ஆலிவ் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மரத்தடியில் பச்சை வலை விரித்து, சீப்பு மாதிரி ஒரு கருவியால் கிளைகளை வாருகிறார்கள். காய்கள் மழைபோல உதிர்கின்றன.

திராட்சை அறுவடை அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. இலைகள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. ஒவ்வொரு வரிசையின் முனையிலும் ஒரு ரோஜாச் செடி. "அழகுக்கா?" என்று கேட்டாள் மகள். "அழகுக்கும்தான். ஆனால், பூஞ்சை நோய் முதலில் ரோஜாவில் தெரியும். அதைப் பார்த்துத் திராட்சையைக் காப்பாற்றுவார்கள். அது எங்கள் தாத்தா காலத்து வழக்கம்" என்றார் அவர்.

நீலக் கோப்பையில் எண்ணெய்

முதலில் எண்ணெய், பிறகுதான் ஒயின். ஒயின் நாக்கில் பட்டுவிட்டால் எண்ணெயின் நுணுக்கம் பிடிபடாதாம்.

ஆளுக்கு மூன்று சின்ன நீல நிறக் கண்ணாடிக் கோப்பைகள். ஏன் நீலம்? எண்ணெயின் நிறம் தெரியக் கூடாது என்பதற்காக! பச்சையாக இருந்தால்தான் நல்ல எண்ணெய் என்று நாம் நினைப்போம். நிறத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. அதனால் தேர்ந்த சுவைஞர்கள் நிறத்தைப் பார்ப்பதே இல்லை.

கோப்பையை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் மூடி, உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். பிறகு திறந்து முகர வேண்டும். அப்புறம் ஒரு சின்ன மடக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளிழுக்க வேண்டும். எண்ணெய் வாய் முழுக்கப் பரவும்.

முதல் கோப்பை, மூன்று நாளுக்கு முன் ஆட்டிய புது எண்ணெய். புல் வெட்டிய வாசம், பச்சைத் தக்காளி வாசம். முதலில் கசப்பு. விழுங்கியதும், தொண்டையில் மிளகைக் கடித்ததுபோல ஒரு காரம். நான்கு பேருக்கும் இருமல் வந்துவிட்டது. அந்தப் பெண்மணி கைதட்டிச் சிரித்தார். இருமல் வந்தால் எண்ணெய்க்குப் பாராட்டு என்று அர்த்தமாம்! பழவாசம், கசப்பு, காரம் ஆகிய மூன்றும்தான் நல்ல ஆலிவ் எண்ணெயின் லட்சணங்கள். தொண்டைக் காரத்துக்குக் காரணம் ஓலியோகேந்தால் என்ற பொருள். இபுப்ரோஃபென் வலி மாத்திரையைப் போலவே இதற்கும் வீக்கத்தைத் தணிக்கும் குணம் இருப்பதாக 2005-ம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் விஞ்ஞானிகள் எழுதினார்கள்.

இரண்டாவது கோப்பை, போன வருடத்து எண்ணெய். சாதுவாக இருந்தது. மூன்றாவதை முகர்ந்ததும் அத்தை கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார்.

"இது சிக்கு வாடைல்லம்மா? இதைப் போயி நம்மளுக்குக் குடுக்குறாங்க!"

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். அந்தப் பெண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. வேண்டுமென்றேதான் அதை வைத்திருக்கிறார். வெயில்படும் அலமாரியில் பல மாதம் திறந்து கிடந்த எண்ணெய். வருகிறவர்களில் பாதிப் பேர் 'இதுதான் நன்றாக இருக்கிறது' என்று சொல்வார்களாம். வீட்டில் பழகிய எண்ணெய் அப்படி இருப்பதால்!

அத்தை விருதுநகர்க்காரர். பிறந்த வீட்டில் செக்கு வைத்திருந்தார்கள். அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. "நூறு கிலோவுக்கு எவ்வளவு எண்ணெய் இறங்கும்? பிண்ணாக்கை என்ன பண்ணுவாங்க?" என்று கேள்வி மேல் கேள்வி. நூறு கிலோ காய்க்குச் சுமார் 15 கிலோ எண்ணெய்தான். "அவ்வளவுதானா? எள்ளுல இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல கிடைக்குமே!" என்றார் அத்தை. காயைப் பறித்த அன்றோ மறுநாளோ ஆட்டிவிட வேண்டும். ஆட்டும்போது சூடு 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று போட வேண்டுமானால் அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். முகர்ந்தும் ருசித்தும் பார்க்கிற குழுவுக்கு ஒரு குறைகூடத் தெரியக் கூடாது. பிண்ணாக்கு எரிபொருளாகவும் உரமாகவும் போகிறது.

துவர்ப்புக்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது

அடுத்து ஒயின். மேஜையில் மூன்று கிளாஸ்களோடு ஒரு மண்ஜாடியும் இருந்தது. ருசித்துவிட்டுத் துப்புவதற்கு! அது அநாகரிகம் இல்லை. தொழில்முறைச் சுவைஞர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். கார் ஓட்ட வேண்டிய என் கணவருக்கு அந்த ஜாடிதான் துணை. மகளுக்கும் அத்தைக்கும் திராட்சைச் சாறு.

இந்த ஒயினின் உயிர், சாஞ்ஜொவேசே என்ற திராட்சை. கியான்டி கிளாசிக்கோ என்று பெயர் வைக்க 80 சதவிகிதமாவது அது இருக்க வேண்டும். எந்தப் பகுதியில் விளைந்ததைக் கியான்டி என்று சொல்லலாம் என்பதை 1716-லேயே டஸ்கனியின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சி எல்லை வகுத்து ஆணை போட்டுவிட்டார். பிறகு 19-ம் நூற்றாண்டில், இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்கசோலி தன் ப்ரோலியோ கோட்டையில் பல ஆண்டுகள் பரிசோதனை செய்து, எந்தத் திராட்சையை எதோடு கலக்க வேண்டும் என்று 1872-ல் ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். ஒரு பிரதமர் எழுதிய சமையல் குறிப்பு!

முதல் கிளாஸ், இளம் ஒயின். செர்ரிப்பழ வாசம். இரண்டாவது 'ரிசெர்வா', குறைந்தது 24 மாதம் முதிர்ந்தது. ஒரு வாய் வைத்ததும் நாக்கும் ஈறும் இழுத்துப் பிடித்தன. ஆங்கிலத்தில் இதை விளக்க அந்தப் பெண்மணி ரொம்பச் சிரமப்பட்டார். நமக்கு என்ன சிரமம்? நாவற்பழம் தின்றால் வருகிற அதே துவர்ப்பு! திராட்சையின் தோலும் விதையும் தருவது. அறுசுவையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்தவர்கள் நாம். "எங்கள் மொழியில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது" என்றதும், "து-வர்-ப்பு" என்று மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது கிளாஸ் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஓரம் வைத்துவிட்டார்கள்.

உப்பில்லாத ரொட்டி, சுண்டக்கறி சூப்

சாப்பாட்டு மேஜை அடுப்பங்கரைக்குப் பக்கத்தில். சமைத்தவர் அந்தப் பெண்மணியின் அம்மா. முதலில் வந்தது ரொட்டி. கடித்ததும் மகள் முகம் சுளித்தாள். உப்பே இல்லை! டஸ்கனி ரொட்டியில் உப்பு போடுவதில்லை. ஆனால், அதைத் தணலில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, புது எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மேலே உப்பைத் தூவித் தந்தபோது அவளே நான்கு துண்டு சாப்பிட்டாள். சாதம் சாதுவாக இருந்தால்தானே குழம்பு எடுபடும்? அதே கணக்கு.

அடுத்து, 'ரிபொல்லிதா'. பெயருக்கு 'மறுபடி கொதிக்க வைத்தது' என்று அர்த்தம். வெள்ளை பீன்ஸ், கருங்கீரை போன்ற ஒரு முட்டைக்கோஸ் இலை, மிஞ்சிய ரொட்டி எல்லாம் சேர்த்து முந்தின நாள் வைத்த சூப்பை, மறுநாள் சுண்டக் காய்ச்சுகிறார்கள். "அட, நம்ம சுண்டக்கறி!" என்றார் அத்தை. கணவருக்குக் காட்டுப்பன்றிக் கறி சேர்த்த பட்டை பாஸ்தா, எங்களுக்குப் பூண்டும் தக்காளியும் போட்டது. கடைசியாக ஆட்டுப்பால் சீஸ், தேன்.

வெட்டிய மரம் துளிர்த்த கதை

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த அத்தை திடீரென்று கேட்டார்: "இங்க ஆலிவ் மரமெல்லாம் ஏன் ஒரே குழியில மூணு நாலா முளைச்சிருக்கு?"

பரிமாறிக்கொண்டிருந்த பெரியம்மா, மகள் மொழிபெயர்த்ததைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

1985 ஜனவரி. டஸ்கனியில் வரலாறு காணாத குளிர். சில இடங்களில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போனது. மரங்களின் பட்டை வெடித்தது. டஸ்கனியின் பெரும்பாலான ஆலிவ் மரங்கள் கருகிப்போயின. அவர் கணவர் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டுத் திராட்சை போடலாம் என்றாராம். மாமனார் மட்டும், "தரையோடு வெட்டுங்கள்; வேர் சாகவில்லை" என்று பிடிவாதமாக நின்றார். வெட்டினார்கள். அடித்தூரிலிருந்து துளிர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கை மட்டும் விட்டார்கள். அவைதான் இன்றைய மரங்கள். முறையான மகசூலுக்கு ஏழெட்டு வருடம் காத்திருந்தார்களாம்.

அந்த மாமனார் இந்த நிலத்தின் சொந்தக்காரராக அல்ல, வாரத்துக்கு உழுகிறவராக இங்கே வந்தவர். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. நூற்றாண்டுகளாக இங்கே இருந்த முறை அது. பிழைக்க முடியாமல் 1950, 60-களில் குடும்பம் குடும்பமாக ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களுக்குச் சட்டம் தடை போட்டபோது, பாதிக் கல்வீடுகள் காலி. இவர்கள் போகாமல் இருந்து, கடன் வாங்கி, உழுத நிலத்தையே வாங்கினார்கள்.

"எண்ணெயில் லாபம் வருதாமா?" அத்தை விடவில்லை.

மகள்தான் பதில் சொன்னார். "இல்லை. மலைச்சரிவில் கையால் பறிக்கிற கூலிக்கே விற்கிற காசு சரியாகிவிடுகிறது. பக்கத்துத் தோட்டங்களில் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒயின் எங்களைக் காப்பாற்றுகிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மேஜை, அந்த மரங்களைக் காப்பாற்றுகிறது."

விவசாயிகள் வீட்டிலேயே விருந்தினரை ஏற்க வழிசெய்யும் சட்டம் இத்தாலியில் வந்ததும் அதே 1985-ல்தான். மரம் கருகிய வருடத்திலேயே ஒரு கதவும் திறந்திருக்கிறது.

பிறகு மூன்றாவது கிளாஸ் வந்தது. 'வின் சாந்தோ'. திராட்சையை மாதக்கணக்கில் நிழலில் உலர்த்தி, சின்னப் பீப்பாய்களில் பல வருடம் வைத்தெடுக்கும் இனிப்பு ஒயின். பாதாம் பிஸ்கட்டை அதில் நனைத்துத் தின்பார்கள். அத்தையும் பெரியம்மாவும் அதே பிஸ்கட்டைக் காபியில் நனைத்துக்கொண்டார்கள். எள் எண்ணெய் எப்படி ஆட்டுவது என்று கைஜாடையிலேயே பாடம் நடந்தது.

போகிறவர்களுக்குச் சில டிப்ஸ்

* செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை திராட்சை அறுவடை; அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை ஆலிவ். எண்ணெய்க்காகப் போனால் நவம்பர்தான் சரி.

* தோட்டத்துக்கு நேரடியாக மெயில் அனுப்பி முன்பதிவு செய்யுங்கள். எத்தனை வகை ருசிக்கலாம், சாப்பாடு சேர்த்தா, குழந்தைகளுக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

* சைவம் என்றால் முன்கூட்டியே எழுதுங்கள். பாதாம் பிஸ்கட்டில் முட்டை உண்டு. ஆட்டுப்பால் சீஸ் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுத்த ரென்னட் போட்டு உறைய வைப்பது.

* கார் ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். இத்தாலியில் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்குப் பூஜ்யம். ஃப்ளாரன்ஸிலிருந்து கிரேவேக்குப் பஸ் இருக்கிறது. சுமார் ஒரு மணி நேரம்.

* எண்ணெய், ஒயின் பாட்டில்களைச் செக்-இன் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். இந்தியாவுக்குள் ஒரு பெரியவர் 2 லிட்டர் வரை ஒயினோ மதுவோ வரியில்லாமல் கொண்டுவரலாம்.

* எண்ணெய் வாங்கும்போது அறுவடை வருடத்தைப் பாருங்கள். ஒயின்போல அது வைக்க வைக்க ருசி கூடாது. வெளிச்சமும் சூடும் படாமல் வைத்து, திறந்த பாட்டிலைச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்... சிக்கு வாடை வந்துவிடும்!

(மது அருந்துதல் உடல்நலத்துக்குக் கேடு.)