குளிரில் உறங்கும் நெருப்பு

நெருப்பை அடக்கி ஆளக் கற்றதே மனித நாகரிகத்தின் முதற்படி என்பர். விறகிலும் கரியிலும் குடியிருந்த அந்த நெருப்பு, இருபதாம் நூற்றாண்டில் இரும்புத் தோம்புக்குள் குடிபுகுந்தது. குமிழைத் திருப்பியதும் நீலச் சுடர் எழுகின்றது. மீண்டும் திருப்பியதும் அடங்கிவிடுகின்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சமையற்கட்டின் மூலையில் நிற்கும் எரிவாயுத் தோம்பைப் பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. அடுப்பு எரிந்தால் வாயு இருக்கின்றது, எரியாவிட்டால் தீர்ந்துவிட்டது. ஆண்டு முழுதும் வெப்பம் குன்றாத மண்ணில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

ஆனால், குளிர்நாடுகளில் இக்கணக்குத் தவறிவிடுகின்றது. அங்கே தோம்பு நிறைந்திருக்கும்போதே அடுப்பு அணைந்து போவதுண்டு. அதன் காரணத்தை அறியாதவர் தவிப்பர். தவிப்பில் தவறான வழியை நாடுவோர் உயிரையே இழக்கவும் கூடும்.

பிரிட்டனின் வடபகுதியாகிய ஸ்காட்லாந்தில் கேர்ன்கார்ம் மலைத்தொடர் உள்ளது. அதன் அடிவாரத்து ஊர்களில் ஒன்றான பிரேமாரில் 1895ஆம் ஆண்டிலும் 1982ஆம் ஆண்டிலும் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 27.2 பாகை செல்சியசு வரை இறங்கியது. அத்தகைய கொடுங்குளிர் அரிது. எனினும், நீர் உறையும் இரவுகள் அங்கே குளிர்காலத்தில் மிகச் சாதாரணம். அந்த மலைகளின் வெண்பனி அழகைக் காண்பதற்கென்றே கேம்பர்வேன் எனப்படும் வீட்டுவண்டிகளில் செல்வோர் உண்டு. படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, சிறு கணப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய வண்டி அது. அதன் ஒரு புறத்தில், உள்ளறையோடு தொடர்பில்லாத ஒரு பெட்டிக்குள் எரிவாயுத் தோம்பு இருக்கும். சமைப்பதற்கும் குளிர்காய்வதற்கும் அவ்வண்டிக்கு அதுவே ஆதாரம்.

அத்தகைய வண்டியில் செல்லும் ஒரு கணவனையும் மனைவியையும் எண்ணிப் பார்க்கலாம். கோடையில் வாங்கிய நீலநிறத் தோம்பு அவர்களிடம் இருக்கின்றது. மாலை மயங்கி, மலைச்சாரலில் வண்டி நிற்கின்றது. தேநீருக்காக நீரைக் கொதிக்க வைக்கிறாள் மனைவி. சுடர் முதலில் நன்றாகத்தான் எரிகின்றது. பின்னர் மெல்ல மெல்லத் தாழ்கின்றது, சுருங்குகின்றது, நீர் சூடேறுமுன் அணைந்தே விடுகின்றது. வாயு தீர்ந்துவிட்டது என்று முடிவு செய்கிறாள். கணவன் வெளியே சென்று தோம்பைத் தூக்கிப் பார்க்கிறான். அது கனக்கின்றது. அசைத்தால் உள்ளே திரவம் அலைவதும் தெரிகின்றது. பாதிக்கு மேல் நிறைந்த தோம்பு, ஒரு குவளை நீரைக் கூடக் கொதிக்க வைக்க மறுப்பதேன்?

தோம்புக்குள் இருப்பது உண்மையில் வாயு அன்று. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட பொருள். அத்திரவம் ஆவியாகி மேலே எழுந்தால்தான் அடுப்பிற்கு வாயு கிடைக்கும். நீலத் தோம்பில் உள்ளது பியூட்டேன். அது ஆவியாகும் கொதிநிலை ஏறத்தாழ சுழியத்திற்குக் கீழே அரைப் பாகை. அறையின் வெப்பம் 20 பாகையாக இருக்கும்போது தோம்பினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் இருமடங்காக இருக்கும். வாயு தானே பாய்ந்து வரும். வெப்பம் சுழியத்தை நெருங்கும்போது உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. பிறகு குமிழை எத்தனை முறை திருப்பினாலும் வாயுவைத் தள்ளிவிட உள்ளே ஆற்றல் இல்லை. நெருப்பு உள்ளே இருக்கின்றது; ஆனால் உறங்குகின்றது.

வெளியே நான்கைந்து பாகை வெப்பம் இருக்கும்போதும் அடுப்பு அணைவது எங்ஙனம் என்ற ஐயம் எழலாம். இதற்கு விடை தருபவர் அதே ஸ்காட்லாந்து மண்ணில் வாழ்ந்த ஓர் ஆசிரியர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஜோசப் பிளாக், 1760களின் தொடக்கத்தில் மறைவெப்பம் என்னும் உண்மையை ஆராய்ந்து மாணவர்க்கு விளக்கினார். பனிக்கட்டி உருகும்போதும், நீர் ஆவியாகும்போதும் வெப்பத்தை உட்கொள்கின்றன; ஆயினும் வெப்பமானி ஏறுவதில்லை. மண்பானையில் கசியும் நீர் ஆவியாகி, உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதனால்தான். தோம்பிலும் அதுவே நிகழ்கின்றது. ஒவ்வொரு துளி பியூட்டேனும் ஆவியாகும்போது, எஞ்சிய திரவத்திலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. அடுப்பு எரிய எரியத் தோம்பு தன்னையே குளிர்வித்துக் கொள்கின்றது. வெளிப்புறத்தில் வெண்பனி படிவதையும் காணலாம். பிறருக்கு வெப்பம் தரும் பொருள், அதற்கு முன் தான் வெப்பம் பெற்றாக வேண்டும். இயற்கையின் கணக்கில் கடன் கிடையாது.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. தோம்பைக் கம்பளியால் போர்த்திவிட்டால் சூடேறும் என எண்ணுவர். கம்பளி மனிதனுக்கு வெப்பம் தருவதில்லை. அவன் உடலில் பிறக்கும் வெப்பத்தை வெளியேறாமல் காக்கின்றது, அவ்வளவே. தோம்புக்கு உயிருமில்லை, உடல்வெப்பமுமில்லை. எரியும்போது அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், கம்பளி அதற்கு வரவேண்டிய வெப்பத்தைத் தடுக்கவே செய்யும். வேறு சிலர் தோம்பைத் தீயில் வாட்டத் துணிவர். அது தற்கொலைக்கு ஒப்பாகும். இன்னும் சிலர் தோம்பைப் படுக்கையறைக்குள் கொண்டு வருவர். இவ்வாயு காற்றினும் கனமானது. பியூட்டேன் ஏறத்தாழ இருமடங்கு, புரோப்பேன் ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே சென்று கலையாது, தரையில் தேங்கும். ஒரு பொறி போதும், வண்டியே தீக்கிரையாகும். தோம்புக்கெனத் தனிப்பெட்டி அமைத்து அதன் அடியில் துளையிட்டு வைத்திருப்பது இதனாலேயே.

சரியான வழி, எரிபொருளை மாற்றுவதே. புரோப்பேன் என்னும் மற்றொரு வாயுவின் கொதிநிலை சுழியத்திற்குக் கீழே 42 பாகை. பிரேமாரின் கொடிய இரவிலும் அது விழித்திருக்கும். பிரிட்டனில் அது பெரும்பாலும் சிவப்புத் தோம்பில் விற்கப்படுகின்றது. அவ்வாறாயின் எல்லாக் காலத்திற்கும் அதையே வைத்துக்கொள்ளலாகாதா எனக் கேட்கலாம். வைத்துக்கொள்வோர் பலர். எனினும் 20 பாகையில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல் எட்டு மடங்கை எட்டிவிடும். ஆகவே அதற்கு வலுவான கலன் வேண்டும். அதே இடத்தில் அடங்கும் பியூட்டேன் சற்று மிகுதியான வெப்பம் தரும். கோடைக்கு ஒன்று, குளிருக்கு மற்றொன்று எனப் பழகிக்கொண்டோரும் உளர். இரண்டின் தோம்பு வாய்களும் வேறு வேறு. எனவே, அவற்றில் பொருத்தும் இணைப்புகளும் பொருந்துமாறு அமைய வேண்டும்.

இரண்டும் கலந்த தோம்பு இன்னும் நுட்பமான பாடம் புகட்டுகின்றது. முதல் நாள்களில் அது குளிரிலும் நன்றாக எரியும். எளிதில் ஆவியாகும் புரோப்பேனே முந்திச் செலவாகின்றது. பின்னர் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். நேற்று எரிந்தது இன்று எரியவில்லையே எனப் பயணி திகைக்கிறான். தோம்பு மாறவில்லை, உள்ளிருப்பது மாறிவிட்டது.

இவையெல்லாம் வசதியைப் பற்றிய செய்திகள். உயிரைப் பற்றிய செய்தி இனிமேல்தான் உள்ளது.

வண்டிச் சுவரிலும் கூரையிலும் காற்றோட்டத் துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஊசிபோல் குளிர் நுழையும். நடுங்கும் மனிதன் முதலில் செய்ய நினைப்பது அவற்றைத் துணியால் அடைப்பதே. அடுத்து, சிறிதளவேனும் எரியும் அடுப்பை ஏற்றிவைத்துக் குளிர்காய நினைக்கிறான். போதிய காற்றின்றி எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கசிவு தெரியட்டும் என்று எரிவாயுவிலே துர்நாற்றப் பொருள் கலக்கின்றனர். இந்த நஞ்சுக்கோ அத்தகைய எச்சரிக்கையும் இல்லை. குருதியில் பிராணவாயு அமரவேண்டிய இடத்தை, அதனினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இது பிடித்துக்கொள்கின்றது. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். குளிரில் வந்த இதமான உறக்கம் என்றே அவன் எண்ணுவான்.

இந்நஞ்சின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவரும் ஸ்காட்லாந்தில் பிறந்தவரே. எடின்பரோ நகரில் 1860இல் பிறந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், இவ்வாயுவைத் தாமே சுவாசித்து அதன் விளைவுகளைக் குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்க விபத்துகளில் மாண்டோர் பலர் வெடிப்பாலன்றி இந்த நஞ்சாலேயே மாண்டனர் என 1896இல் வெளிவந்த தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். சிற்றுயிர்களைச் சுரங்கத்துள் கொண்டு செல்லும் வழியையும் அவர் கூறினார். மனிதன் உணருமுன் கூண்டுப் பறவை சாய்ந்துவிடும். இன்று அப்பறவையின் இடத்தில், உள்ளங்கையளவு எச்சரிக்கைக் கருவி வண்டிச் சுவரில் தொங்குகின்றது. அது ஒலித்தால் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, வெளியேற வேண்டும். கருவி இருக்கின்றது என்பதற்காகத் துளையை அடைக்கலாகாது. புகைபோக்கியைப் பனி மூடியிருக்கிறதா எனக் காலையும் மாலையும் பார்க்கவும் வேண்டும்.

மலைச்சாரலில் நிற்கும் கணவனும் மனைவியும் என் செய்ய வேண்டும்? அடுப்பை மறந்துவிட வேண்டும். உள்ள உடைகளையெல்லாம் அணிந்து, கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு, காற்றோட்டத் துளைகளைத் திறந்தே வைத்து, அந்த இரவைக் கழிக்க வேண்டும். நடுக்கத்தோடு விடியும் இரவு, விடியாத உறக்கத்தினும் மேலானது. காலையில் அடுத்த ஊருக்குச் சென்று சிவப்புத் தோம்பையும் அதற்குரிய இணைப்பையும் வாங்கினால் தேநீர் தானே கொதிக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இத்தோம்பு ஒன்றைச் சொல்லாமல் சொல்கின்றது. வகுப்பின் கடைசி வரிசையில் விடை சொல்லாமல் அமர்ந்திருக்கும் மாணவனை ஒன்றுமில்லாதவன் என்று ஒதுக்கிவிடுவது எளிது. தூக்கிப் பார்ப்பவனுக்கே கனம் தெரியும். உள்ளே நிறைந்திருந்தும் எழ முடியாமல் கிடப்பதற்குச் சூழலின் குளிரே காரணமாக இருக்கலாம். அவனை எரியச் செய்யும் பொருட்டு அடியில் தீ மூட்டுவதும் பிழை. கம்பளி போர்த்தி மூடிவைப்பதும் பிழை. அவனுடைய கொதிநிலை எது என்று அறிந்து, அதற்கேற்ற வெப்பத்தை அளிப்பதே ஆசிரியர் கடன். அறிந்தபின் செய்வது எளிது. அறியுமுன் ‘தீர்ந்துவிட்டது’ எனத் தீர்ப்புக் கூறாதிருப்பதே அரிது.