விடுபட்ட நீலம்

கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள்களே இருந்தன. மழை விட்டிருந்த ஒரு மாலை வேளையில், எங்கள் தெருக்கோடியில் வாழும் மூதாட்டி ஒருவர் தம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். ஓராண்டுக்கு முன் நோயினால் இறந்துபோன அவருடைய ஒரே மகனின் படம் பேத்தியின் கைப்பேசியில் இருந்தது. அதைத் தாளில் அச்சிட்டுத் தர வேண்டும். நவம்பர் 2ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது உடன் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

பனமலைக் குன்றைப் பார்த்தபடி இருக்கும் சிற்றூர் எங்களுடையது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது நான் வாங்கிய ஒளிப்பட அச்சுப்பொறி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. முதல் நன்மை வாங்கிய பிள்ளைகளின் படங்களையும், இறந்தவர்களின் நினைவுப் படங்களையும் அதில் அச்சிட்டுக் கொடுப்பது என் வழக்கம். அதற்கும் வயதாகிவிட்டது. பாஸ்கா விழாவிற்குப் பின் அதை நான் தொடவே இல்லை.

அன்று அதை உயிர்ப்பித்துப் படத்தை அச்சிட்டேன். தாள் வெளியே வந்ததும் பேத்தி வியந்தாள். “ஆயா, அப்பா எவ்ளோ செவப்பா அழகா இருக்காரு பாரு!” மூதாட்டி தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்தார்.

“எம்புள்ள கருப்பு, வாத்தியாரே. இது எம்புள்ள இல்ல.”

நகரத்துப் படக்கடை ஒன்றுக்கு அவர் ஏற்கெனவே சென்று வந்திருக்கிறார் என்பதைப் பேத்தி சொன்னாள். அங்கே கணினியில் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்துவிட்டார்களாம். இறந்தவருக்கு மரியாதை செய்வதாக அவர்கள் எண்ணியிருக்கலாம். அங்கே விருப்பத்தோடு செய்த பிழையை என் வீட்டில் இயந்திரம் தானாகவே செய்திருந்தது. “நாளை மறுநாள் வாருங்கள் அம்மா, சரிசெய்து தருகிறேன்” என்று சொல்லி அனுப்பினேன். எப்படிச் சரிசெய்வது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இத்தகைய பொறி வேலை செய்யும் விதத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். தலைமுடியினும் மெல்லிய நூற்றுக்கணக்கான துளைகள் வழியே மையைத் துளிகளாகத் தாளின்மேல் எறிவதே இதன் தொழில். ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு பிக்கோலிட்டர். இங்கே ஒரு துளி என்பது சில பிக்கோலிட்டர் அளவே. துளியை எறிய இரு வழிகள் உண்டு. 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், மை நிறைந்த ஊசிக்குழலின் ஊசிமேல் சூடான சால்டரிங் இரும்பு தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. வெப்பத்தால் குமிழி எழுப்பி மையைத் தள்ளும் முறை அதிலிருந்து பிறந்தது. மற்றொரு வழி, மின்னழுத்தம் பட்டால் இம்மியளவு உருமாறும் படிகத்தைக் கொண்டு மையை அழுத்தித் தள்ளுவது. அத்தகைய படிகங்களின் மின்னியல்பை 1880இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும். என்னிடம் இருப்பது இந்த இரண்டாம் வகை. முதல் வகையில் பெரும்பாலும் மைப்பெட்டியோடு துளைகளும் மாறிவிடும்; பழுதும் அதோடு போய்விடும். இரண்டாம் வகையில் துளைகள் கொண்ட தலைப்பகுதி பொறியிலேயே நிலைத்திருக்கும். அதை மாற்றும் செலவில் வேறொரு பொறியே வாங்கிவிடலாம்.

என் பொறியில் ஆறு மைகள். கருப்பு, மஞ்சள், சயான் என்னும் நீலம், மெஜந்தா என்னும் செவ்வூதா ஆகிய நான்கோடு வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் உண்டு. மனித முகத்தின் மெல்லிய நிறவேறுபாடுகளைக் காட்டுவதற்காகவே இந்த இரு வெளிர் மைகளும் சேர்க்கப்பட்டன.

படம் சிவந்துவிட்டதைக் கண்டதும், சிவப்பு மை மிகுதியாக வருகிறது என்றே முதலில் எண்ணினேன். கணினியில் சிவப்பைக் குறைத்து அச்சிட்டேன். முகம் சாம்பல் பூத்து, குறுக்கே கோடுகள் ஓடின. பிறகு தலைப்பகுதியைத் தூய்மை செய்யும் கட்டளையை அழுத்தினேன். ஒருமுறை, இருமுறை என்று ஐந்துமுறை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் பொறி ஆறு மைகளையும் உறிஞ்சி, அடியிலுள்ள பஞ்சில் கொட்டுகிறது. அந்தப் பஞ்சுக்கும் ஓர் அளவு உண்டு. கணக்கு முடிந்தால் பொறி வேலை செய்ய மறுத்துவிடும். குற்றமற்ற ஐந்து மைகளை வீணாக்கி, குற்றமுள்ள ஒன்றை அப்படியே விட்டுவிட்டேன் என்பது பின்னரே விளங்கியது.

முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையை இரவு ஒன்பது மணிக்குச் செய்தேன். ஒவ்வொரு துளையும் தனித்தனியே ஒரு சிறு கோடு போடும் சோதனைத் தாள் அது. ஐந்து நிறங்களின் கோடுகள் வரிசையாக, முழுமையாக இருந்தன. வெளிர் நீலம் இருக்க வேண்டிய இடம் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. மைக்கலத்தில் மை இருந்தது, தாளுக்கு வரவில்லை.

அப்போதுதான் உண்மை புலப்பட்டது. சிவப்பு கூடவே இல்லை. நீல மையின் வேலை, தாளின்மேல் விழும் ஒளியிலுள்ள சிவப்பை உட்கொள்வது. அந்த மை இல்லாத இடத்தில் சிவப்பொளி தடையின்றித் திரும்பி நம் கண்ணை அடைகிறது. இல்லாத ஒன்றின் விளைவை, இருக்கும் ஒன்றின் குற்றமாக நான் எண்ணியிருந்தேன்.

இனி, அடைப்பு எத்தகையது என்று அறிய வேண்டும். சோதனைத் தாளில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடங்களில் கோடுகள் விடுபட்டால், மைவழியில் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். பொறியைச் சில மணி நேரம் சும்மா விட்டாலே பெரும்பாலும் சரியாகும். ஒரே இடத்தில் விடுபட்டால் மை உலர்ந்து துளையை அடைத்திருக்கிறது. எனக்கு ஒரே இடத்தில்தான் விடுபட்டது. செஞ்சி வட்டாரத்துக் கோடையை அறிந்தவர்களுக்கு வியப்பிராது. பகலெல்லாம் வெயில் குடித்த பாறைகள் இரவெல்லாம் அனலை உமிழும் நிலம் இது. துளைகள் காயாதிருக்க, ஓய்வு நேரத்தில் அவற்றின்மேல் ஒரு ரப்பர் மூடி பொருந்திக் காக்கிறது. அதன் விளிம்பில் பழைய மை கட்டியாக உறைந்திருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல் மாதக்கணக்கில் காற்று உட்புகுந்திருக்கிறது. நான் மேற்புறத் தூசியைத் துடைத்ததுண்டு. அந்த விளிம்பை ஒருநாளும் பார்த்ததில்லை.

இழைகள் உதிராத துணியை வாலைநீரில் நனைத்து விளிம்பைத் துடைத்தேன். மூடியின் உள்ளேயுள்ள பஞ்சில் சில துளி வாலைநீர் விட்டு, தலைப்பகுதியை அதன்மேல் நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டேன். குழாய்நீர் கூடாது, அதிலுள்ள உப்பே மற்றோர் அடைப்பாகும். ஊசிகொண்டு குத்துவதும் கூடாது. உறைந்த மை தானே கரையக் காத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை கை பரபரத்தது. பொறியின் பக்கம் போகாதிருக்க வேண்டுமே என்று பனமலைக் குன்றின்மேல் ஏறினேன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. அதன் பக்கச் சிற்றறை ஒன்றின் சுவரில் புகழ்பெற்ற உமையின் ஓவியம் உள்ளது. தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் எழில். அவள் பார்த்து நிற்பது சிவனின் ஆடலை. ஆடுபவனின் உருவமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்ப்பவளின் முகத்தைக் கொண்டே ஆடலை நாம் உணர்கிறோம். வேறு சமயத்தின் கோயிலாயினும், அங்கு நிற்கும்போதெல்லாம் என் உள்ளம் அடங்கும். காவிமண், மஞ்சள்மண், சுண்ணம், கரி போன்றவற்றால் தீட்டினார்கள் அக்கால ஓவியர்கள். மண்ணும் கரியும் எளிதில் நிறம் மாறுவதில்லை; ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் எஞ்சியவை அந்த முகத்தை நமக்குக் காட்டுகின்றன.

என் பொறியில் உள்ளதோ கரையும் சாய மை. ஒளியும் காற்றும் அதற்குப் பகை. 2000ஆம் ஆண்டில் ஒருவகை ஒளிப்படத் தாளில் அச்சிட்ட படங்கள் சில வாரங்களிலேயே ஆரஞ்சு நிறமாகிப்போன செய்தி பல நாடுகளில் பேசப்பட்டது. காற்றிலுள்ள ஓசோன் நீலச் சாயத்தை முதலில் அழித்ததே காரணம். அங்கும் எதுவும் கூடவில்லை, நீலம்தான் போயிற்று.

குன்றிலிருந்து இறங்கும்போது புனித அகுஸ்தினாரை நினைத்துக்கொண்டேன். 354 முதல் 430 வரை வாழ்ந்த அப்பெருமகனார், தீமை என்பது தனியே நிற்கும் ஒரு பொருள் அன்று, இருக்க வேண்டிய நன்மையின் குறைவே என்று போதித்தார். இதைப் பள்ளியில் மறைக்கல்வி வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆயினும் என் வாழ்வில் எப்படி நடந்தேன்? கோபம் வரும்போது கோபத்தை அடக்கவே முயன்றேன். எங்கே பொறுமை வறண்டது என்று பார்க்கவில்லை. மகனோடு பேச்சுக் குறைந்தபோது அவன் குற்றங்களைக் கூட்டிப் பார்த்தேன். நான் கேட்காமல் விட்ட நலத்தை எண்ணிப் பார்க்கவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் செல்லும்முன் செய்தவற்றைப் பட்டியலிடுவது எனக்கு எளிது. விடுபட்டவற்றைத் தேடுவதுதான் கடினம்; அவற்றின் இடம் வெறுமையாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

மாலையில் பொறியை இயக்கி ஒரே ஒருமுறை தூய்மைக் கட்டளை கொடுத்தேன். சோதனைத் தாளில் வெளிர் நீலக் கோடுகள் நான்கு தவிர அனைத்தும் வந்திருந்தன. முழுத் தாளிலும் வெளிர் நீலம் மட்டுமே வருமாறு ஒன்றை அச்சிட்டேன். ஓட ஓட மைவழி திறந்தது. மறுநாள் காலைச் சோதனையில் கோடுகள் முழுமையாயின. பிறகு படத்தை அச்சிட்டேன். நல்ல கருப்பு முகம். நெற்றியில் வெயில் பட்ட ஒளி. சிரிப்பில் சற்று நாணம்.

சொன்னபடி மூதாட்டி வந்தார். தாளை வாங்கினார். இம்முறை கண்ணருகே கொண்டுபோகவில்லை. மடியில் வைத்து உள்ளங்கையால் முகத்தைத் தடவினார். “வந்துட்டான்” என்றார். அதற்குமேல் பேசவில்லை. நயீன் ஊரின் கைம்பெண்ணுக்கு ஆண்டவர் மகனை உயிரோடு திருப்பித் தந்தார். என்னால் ஆனது ஒரு தாள் மட்டுமே. ஆயினும் அந்தத் தாய்க்குத் தம் மகன் அவனாகவே வேண்டியிருந்தது. பிறர் மெச்சும் நிறத்தில் வேறொருவன் வேண்டியதில்லை. நம்மைப் படைத்தவரும் நம்மை அப்படித்தான் பார்க்கிறார் என்று நம்புகிறேன்.

படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுமாறு சொல்லிக் கொடுத்தேன். நிறம் மங்கினால் திரும்பவும் வரச் சொன்னேன்.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிந்து வந்ததும் ஆறு நிறங்களும் கொண்ட ஒரு சிறு தாளை அச்சிடுகிறேன். யாருக்கும் வேண்டாத தாள். மை உறையாதிருக்க அது போதும். பிறகு வெளியூரிலிருக்கும் என் மகனுக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன். பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறேன்.