அம்மாவுக்குக் கேட்ட இரைச்சல்

நான் கட்டிய ஆம்ப்ளிஃபயரில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் அம்மா. அவருக்குக் காது மந்தம்.

எடப்பாடியில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று பொருள். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள். அம்மா தார் சுற்றுவார், அறுந்த பாவு நூலை முடிவார், அப்பா வெளியே போனால் நான்கு தறிகளையும் தானே ஓட்டுவார். யாராவது கேட்டால் அப்பா தறிக்காரர். அம்மா 'வீட்டில் இருக்கிறார்'. அப்படி 28 வருடம் வீட்டில் இருந்ததில் அவர் காது போனது.

விசைத்தறி ஓடும் இடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில், இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் இருந்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலை. எங்கள் கொட்டகையில் இரண்டே பேர். அதிலும் ஒருவர் கணக்கில் இல்லை.

இரைச்சலில் கெட்ட காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகள் முதலில் போகும். அம்மாவுக்கு உயிரெழுத்துகள் கேட்கும், 'ம', 'ன' ஓரளவு கேட்கும். 'க', 'ச', 'த', 'ப' பிடிபடாது. 'பத்து' என்றால் 'கத்தா?' என்பார். வல்லினம், மெல்லினம் என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வல்லினம்தான் முதலில் தோற்கும் என்பதை அம்மாவின் காதிடம் கற்றேன்.

டிவியை அவர் உச்சத்தில் வைப்பார். சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். சத்தம் கூடும், சொல் தெளியாது. தெளிவான ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே கட்டலாம் என்று தோன்றியது. 1969 ஏப்ரலில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஜான் லின்ஸ்லி ஹுட் வெளியிட்ட கிளாஸ் ஏ சுற்றைத் தேர்ந்தேன். நான்கே டிரான்சிஸ்டர்கள், 10 வாட். அம்மாவுக்கு ஒரு பெட்டி போதும் என்று ஒரே சேனல்.

பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்களில் ஒலியலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை இன்னொன்றும் சுமக்கும். கைமாறும் இடத்தில் லேசாகப் பிசிறும். கிளாஸ் ஏயில் இரண்டும் ஓயாமல் வேலை செய்யும். 27 வோல்ட், 1.2 ஆம்பியர்: பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 32 வாட் மின்சாரத்தைத் தின்னும், ஹீட்சிங்க் சுடும். இதை உவமையாக்கக் கை துறுதுறுத்தது. நம் வீடுகளை அறிந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

சேலத்தில் ஒரு கடையில் 2என்3055 டிரான்சிஸ்டர் கேட்டேன்.

"பையன் ப்ராஜெக்ட்டுக்கா மேடம்?"

"எனக்குத்தான்."

"சால்டரிங் யாரு பண்ணுவாங்க?"

"நான்தான்."

மிச்சத்தை எண்ணாமலே கொடுத்தார்.

சீரிஸ் பல்பு போட்டு முதல்முறை கரண்ட் கொடுத்தேன். எதுவும் புகையவில்லை. பல்பை எடுத்துவிட்டு, நடுப்புள்ளியை 27இல் பாதியான 13.5 வோல்ட்டுக்குத் திருகி வைத்தேன். பாட்டு வந்தது. பூரித்துப்போனேன். அம்மா ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார்.

"தறி ஓடுதா கண்ணு?"

பாட்டை நிறுத்தினேன். ஃபேனையும் நிறுத்திய பிறகுதான் எனக்குக் கேட்டது: அடித்தொண்டையில் யாரோ முனகுவதுபோல ஓர் 'ம்ம்'. அம்மாவின் காதில் மிஞ்சியிருப்பவை அந்தத் தாழ்ந்த ஒலிகள்தாம். எந்தத் தறி சரியில்லை என்பதைத் தரையின் அதிர்விலேயே சொன்னவர் அவர்.

உள்ளீட்டை ஷார்ட் செய்து பார்த்தேன். இரைச்சல் போகவில்லை; ஆக டிவியிலோ அதன் வயரிலோ குறையில்லை. கைபேசிச் செயலி 100 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் நேராகப் புகுந்தால் 50 கேட்டிருக்கும். டையோடு பிரிட்ஜைத் தாண்டினால்தான் அது 100 ஆகும். குறை அதற்குப் பிறகு. வடிகட்டும் கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்கினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் இரவு எர்த் வயரை விரலால் தொடர்ந்துபோனேன். பிரிட்ஜுக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவில் உள்ளீட்டின் எர்த்தைப் பற்றவைத்திருந்தேன். கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை அந்த வழியாகத்தான் குபுக்கென்று பாயும். அந்தத் துண்டு வயரில் எழும் துளி மின்னழுத்தத்தையும் பாட்டென்று எண்ணி ஆம்ப்ளிஃபயர் பெருக்கிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டரைத் தாண்டி, எல்லா எர்த்தும் ஒரே புள்ளியில் சேரும்படி மாற்றினேன். நான்கு விரற்கடை தூரம்தான்.

அம்மாவை எழுப்பினேன். பெட்டிமேல் கை வைத்துக் கொஞ்சநேரம் நின்றார்.

"நின்னுருச்சு."

டிவியின் கரகரப்பு இப்போது இல்லை. ஆனாலும் வல்லினம் திரும்பவில்லை. உட்செவியில் செத்துப்போன செல்களை எந்த ஆம்ப்ளிஃபயரும் எழுப்பாது. அவர் இழந்த ஒலிகளை மட்டும் தேர்ந்து உயர்த்தும் காதுக் கருவி வேண்டும். போன மாதம் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் முன்னிருந்தவர் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதத் தொடங்கினார்.

"அடிச்சிடுங்க. விசைத்தறி நெசவு, 28 வருஷம்" என்றேன்.

"என்ன சொன்னே?" என்றார் அம்மா.

இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.